செடியிலிருந்து வந்த வாசனை, சருமத்தில் வந்த அரிப்பு

[காட்சி: பாதி காலியான லாவெண்டர் எண்ணெய்க் குப்பி]

லாவெண்டர் மணத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று லினலூல். புதிதாக வடித்த லினலூல் பெரும்பாலும் சாதுவானது. ஆனால் குப்பியைத் திறந்து திறந்து மூடும்போது காற்று உள்ளே போகிறது. ஆக்ஸிஜன் பட்டு லினலூல் மெல்ல ஹைட்ரோபெராக்சைடுகளாக மாறுகிறது. ஒவ்வாமையைக் கிளப்புவதில் இவைதான் கெட்டிக்காரர்கள். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் உள்ள லிமோனீனும் இப்படித்தான். அதனால் மாதக்கணக்கில் திறந்து கிடக்கும் குப்பியை, வாசனை நன்றாகத்தானே இருக்கிறது என்று முகத்தில் தடவாதீர்கள்.

[காட்சி: சிவந்த முன்கை]

எரிச்சல் வேறு, ஒவ்வாமை வேறு. லவங்கப்பட்டை எண்ணெயை அதிகமாகத் தடவினால் யாருக்கும் எரியும், நிறுத்தினால் அடங்கிவிடும். ஒவ்வாமையில் உடலின் எதிர்ப்பு மண்டலம் அந்தப் பொருளை நினைவில் வைத்துக்கொள்கிறது. அது பெரும்பாலும் ஆயுள் முழுக்க மறக்காது. பல மாதம் ஒத்துப்போன க்ரீம் திடீரென்று அரிப்பது இதனால்தான். "இத்தனை நாள் ஒன்றும் செய்யவில்லையே" என்று அதையே தொடர்ந்து பூசுபவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

பெர்கமோட் என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் தோல் எண்ணெய் இன்னொரு ரகம். அதிலுள்ள பெர்காப்டென், வெயில் பட்டால் சருமத்தைப் புண்ணாக்கும், கருந்தழும்பும் விழலாம். அதை நீக்கிய எண்ணெயும் கிடைக்கிறது.

[காட்சி: லேபிளின் சிறிய எழுத்துகள்]

சரி, லேபிளில் எதைத் தேடுவது? லினலூல், லிமோனீன், ஜெரானியோல், சிட்ரால், யூஜெனால். ஐரோப்பிய ஒன்றியத்தில், கழுவாமல் விடும் பொருளில் இவை 0.001 சதவீதத்தைத் தாண்டினாலே பெயர் போட வேண்டும். கழுவிவிடும் பொருளுக்கு 0.01. முதலில் 26 பெயர்கள் இருந்த பட்டியல், 2023-இல் 80-ஐத் தாண்டியது. அப்புறம், வாசனை தெரியவில்லை என்பதற்காக வாசனைப் பொருளே இல்லை என்று எண்ண வேண்டாம். மூலப்பொருளின் நாற்றத்தை மறைக்கவும் அவற்றைச் சேர்ப்பதுண்டு.

[காட்சி: முழங்கை மடிப்பில் ஒரு துளி க்ரீம்]

புது க்ரீமை முழங்கை உள்மடிப்பில் தினம் இரண்டு முறை, ஒரு வாரமாவது தடவிப் பாருங்கள். ஒரே நாளில் முடிவுக்கு வராதீர்கள், ஒவ்வாமை தாமதமாகத்தான் தெரியும். அரித்தால் உடனே நிறுத்துங்கள். அரிப்பு திரும்பத் திரும்ப வந்தால், தோல் மருத்துவர் சந்தேகப்படும் பொருள்கள் தடவிய பேட்ச்களை முதுகில் ஒட்டி 48 மணி நேரம் விட்டு, பிறகும் சில நாள் கழித்துப் பார்த்து, எந்தப் பொருள் என்று சொல்லிவிடுவார். போகும்போது நீங்கள் பூசும் எல்லாக் குப்பிகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.