ரிக்கார்டோ மொன்டல்பானை நிலைக்க வைத்தது சின்னத்திரையே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

மெக்சிகோ நகரில் 1920-ல் பிறந்த நடிகர் ரிக்கார்டோ மொன்டல்பானின் புகழுக்குப் பெரிதும் காரணம் சினிமாவா, தொலைக்காட்சியா என்பது தலைப்பு. நான் தொலைக்காட்சியின் பக்கம். எனக்கு முன் பேசிய நண்பர் மூன்று வாதங்களை வைத்தார். அவரை ஹாலிவுட்டுக்குக் கூட்டிப்போனது சினிமா. ‘கான்’ என்ற வில்லனைத் தந்தது சினிமா. சக்கர நாற்காலியில் இருந்தவரை எண்பது வயதுக்கு மேல் நடிக்கக் கூப்பிட்டதும் சினிமா என்றார்.

கடைசி வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். ‘ஸ்பை கிட்ஸ்’ படங்களில் அவரைத் தாத்தாவாகப் பார்த்து நானும் கலங்கியிருக்கிறேன். அது நன்றியோடு நினைக்க வேண்டிய காரியம்.

சரி, முதல் வாதத்துக்கு வருவோம். எம்ஜிஎம் நிறுவனம் அவரைக் கூட்டிப்போனது உண்மை. 1947-ல் ‘ஃபியஸ்டா’ வந்தது. அப்புறம் என்ன கொடுத்தார்கள்? பெரும்பாலும் ஆட்டம், பாட்டு, காதல். 1949-ல் வந்த ‘பார்டர் இன்சிடென்ட்’ மாதிரி ஒன்றிரண்டு படங்களில்தான் அந்த மனிதருக்குள் இருந்த நடிகரைப் பார்க்க முடிகிறது. அவருடைய பெயரையே மாற்றப் பார்த்தார்கள். அவர் சம்மதிக்கவில்லை. ஐம்பதுகளில் அந்த ஒப்பந்தமும் முடிந்தது. அதன் பிறகு ‘பொனான்ஸா’, ‘மிஷன் இம்பாசிபிள்’, ‘கொலம்போ’ என்று வாய்ப்புக் கொடுத்துக்கொண்டே இருந்தது தொலைக்காட்சி.

1970-ல் லத்தீன் அமெரிக்க வம்சாவளி நடிகர்களுக்காக ‘நோசோத்ரோஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். ஸ்பானிய மொழியில் அதற்கு ‘நாங்கள்’ என்று பொருள். திருடனாகவும் வேலைக்காரனாகவும் மட்டும் எங்கள் மக்களைக் காட்டாதீர்கள் என்று கேட்டார். அதனால் சில வாய்ப்புகள் கைவிட்டுப் போயின என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவருக்கு 1978-ல் ‘ஹவ் த வெஸ்ட் வாஸ் வொன்’ தொடருக்காக, தொலைக்காட்சிக்கென்று தரப்படும் எம்மி விருது கிடைத்தது. ஆஸ்கருக்கு ஒரு முறைகூட அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டதில்லை.

அதே காலத்தில்தான் ‘ஃபேன்டஸி ஐலண்ட்’ தொலைக்காட்சித் தொடர் வந்தது. அதன் தொடக்கக் காட்சியை நினைத்துப் பாருங்கள். கடல் விமானம் தண்ணீரில் வந்து இறங்குகிறது. மணிக்கூண்டில் நின்று உதவியாளன் டாட்டூ குரல் கொடுக்கிறான். வெள்ளைக் கோட்டு சூட்டில், மிஸ்டர் ரோர்க் என்ற பாத்திரமாக மொன்டல்பான் வெளியே வருகிறார். பணியாளர்களைச் சிரிக்கச் சொல்கிறார். கோப்பையை உயர்த்தி விருந்தாளிகளை வரவேற்கிறார். 1951-ல் வெளியான ஒரு படத்தின் படப்பிடிப்பில் குதிரையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டவர் அவர். அன்று தொடங்கிய வலி கடைசி வரை விடவில்லை. நடையில் தாங்கல் இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் 1984 வரை அந்தத் தீவில் நிமிர்ந்து நின்றார். கவனியுங்கள், அந்தத் தீவில் அவர் வேலைக்காரர் இல்லை, தீவின் அதிபதி! ஸ்பானிய வாடை அடிக்கும் அந்த ஆங்கிலத்தை மாற்றிக்கொள்ளாமலே அமெரிக்காவின் வீட்டுக் கூடங்களுக்குள் வாராவாரம் மரியாதையோடு நுழைந்தார். எதைக் கேட்டு ‘நோசோத்ரோஸ்’ தொடங்கினாரோ, அதை அந்தப் பெட்டி செய்து காட்டியது.

மிச்சம் இருப்பது கான். நண்பர் இதைத்தான் பெரிய ஆயுதமாக எடுத்தார். 1982-ல் வந்த ‘ஸ்டார் ட்ரெக்: த ராத் ஆஃப் கான்’ அருமையான படம், மறுக்கவில்லை. அறுபதைத் தாண்டிய மனிதர் திறந்த மார்போடு நின்று கர்ஜித்தார். ஆனால் அந்தக் கான் எங்கே பிறந்தான்? 1967-ல், ‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடரின் ‘ஸ்பேஸ் சீட்’ என்ற ஒரே எபிசோடில். படத் தயாரிப்பாளர் ஹார்வ் பென்னட் கதை தேடி அந்தத் தொடரின் எபிசோடுகளை எல்லாம் உட்கார்ந்து பார்த்தார். பார்த்துத்தான் பதினைந்து வருஷத்துக்கு முந்திய அந்த வில்லனைப் பிடித்தார்.

இன்னொன்றும் கேளுங்கள். படத்துக்காக வசனத்தைப் பேசிப் பார்த்த மொன்டல்பானுக்கு, வாயைத் திறந்தால் ரோர்க்கின் குரல்தான் வந்தது. அந்த அளவுக்கு அவருக்குள் ஊறியிருந்தது தொலைக்காட்சி. கானின் குரலைத் திரும்பப் பிடிக்க அவர் எந்தச் சினிமாவையும் பார்க்கவில்லை. அந்தப் பழைய எபிசோடை வரவழைத்துத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார், நடுவர் அவர்களே.