ஒரு பூட்டு, ஒரு குழாய், ஒரு புகையிலைக் கம்பெனி

[காட்சி: மேஜை மேல் பழைய பூட்டு ஒன்று. பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஓர் உருளை.]

வணக்கம். மேஜை மேல் இருக்கும் இந்தப் பூட்டை எல்லோருக்கும் அடையாளம் தெரியும். பக்கத்தில் இருக்கும் உருளை, வாஷ்பேசின் குழாய்க்குள் இருந்து உருவி எடுத்தது. பிளம்பர்கள் இதைக் காட்ரிட்ஜ் என்பார்கள். பூட்டு திருடனைத் தடுக்கும், இது தண்ணீரைத் தடுக்கும். தமிழில் நாம் இரண்டுக்கும் ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம்: கதவை மூடு, குழாயை மூடு. வேலையும் ஒன்றேதான். மூடினால் இறுக மூடியிருக்க வேண்டும். உரியவர் கை பட்டால் சிரமம் இல்லாமல் திறக்க வேண்டும்.

இந்த இரண்டையும் கையில் வைத்திருக்கும் நிறுவனத்தின் கதை இது. அமெரிக்காவில் சிகாகோவுக்குப் பக்கத்தில், இல்லினாய் மாநிலத்தின் டீர்ஃபீல்டில் தலைமையகம் வைத்து வளர்ந்த ஃபார்ச்சூன் பிராண்ட்ஸ். 2011 முதல் 2022 வரை அதன் முழுப்பெயர் ஃபார்ச்சூன் பிராண்ட்ஸ் ஹோம் அண்ட் செக்யூரிட்டி. கடைக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பெயர் தெரியாது. மோயன் குழாய் தெரியும், மாஸ்டர் லாக் பூட்டு தெரியும், தெர்மா-ட்ரூ கதவு தெரியும். எல்லாம் இந்த ஒரு குடைக்குக் கீழே இருப்பவை.

முதலில் பூட்டு.

[காட்சி: பூட்டைப் பக்கவாட்டில் திருப்பி நெருக்கமாகக் காட்டுதல்.]

பக்கவாட்டில் பாருங்கள். உடம்பு முழுக்க கோடு கோடாக இருக்கிறதா? அது அலங்காரம் இல்லை. ஒவ்வொரு கோடும் ஒரு தனித் தகடு. இரும்புத் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக, தோசைகளை அடுக்குவது போல அடுக்கி, நான்கு மூலையிலும் ரிவெட் அடித்து இறுக்கியிருக்கிறார்கள்.

இதை யோசித்தவர் ஹாரி சோரெஃப். ரஷ்யப் பேரரசில் இருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர், ஊர் ஊராகச் சுற்றிப் பூட்டு வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் மலிவாகக் கிடைத்த பூட்டுகளெல்லாம் மெல்லிய தகட்டை வளைத்துச் செய்த கூடுகள். உள்ளே காலி. சுத்தியலால் நாலு தட்டு தட்டினால் போதும், கதை முடிந்தது. இரும்புக் கட்டியைக் கடைந்து பூட்டு செய்தால் உறுதியாக இருக்கும்தான். ஆனால் சாவித்துளை, ஸ்பிரிங் உட்காரும் குழி, வளைந்த கம்பி இறங்கும் பள்ளம் என்று ஒரே கட்டிக்குள் அத்தனை வெற்றிடங்களையும் கடைந்தெடுக்க வேண்டும். செலவு எங்கேயோ போய்விடும்.

சோரெஃப் கண்டுபிடித்த வழி எனக்கு இன்றைக்கும் வியப்புத் தருகிறது. குழியைக் கடைவானேன்? ஒவ்வொரு தகட்டிலும் வேண்டிய இடத்தில் மட்டும் பஞ்ச் மெஷினில் ஓட்டை அடி. அப்புறம் அடுக்கு. அடுக்கும்போதே உள்ளே வேண்டிய குழிகள் எல்லாம் தாமாக உருவாகிவிடும். கட்டி இரும்பின் உறுதியும் வந்துவிட்டது, தகட்டு வேலையின் சிக்கனமும் வந்துவிட்டது. வங்கிப் பெட்டகக் கதவுகளையும் போர்க்கப்பல்களையும் அடுக்கடுக்கான எஃகால் செய்வதைப் பார்த்து இந்த யோசனை வந்ததாக நிறுவனத்தின் வரலாறு சொல்கிறது.

1921-ல் விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில் இரண்டு கூட்டாளிகளோடு மாஸ்டர் லாக் நிறுவனத்தைத் தொடங்கினார். அடுக்குத் தகட்டுப் பூட்டுக்கு 1924-ல் காப்புரிமை கிடைத்தது. அமெரிக்காவில் அப்போது மதுவிலக்குக் காலம். கள்ளத்தனமாக மது விற்ற விடுதிகளை அதிகாரிகள் இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தார்கள். சாத்தினால் பூட்ட வேண்டுமே? 1928-ல் மில்வாக்கியில் இருந்து நியூயார்க்கின் மதுவிலக்கு அதிகாரிகளுக்கு ஒரே ஆர்டரில் 1,47,600 பூட்டுகள் போயின. ஏழே வயதுக் கம்பெனிக்கு அது எப்பேர்ப்பட்ட விளம்பரம்!

விளம்பரம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். 1974-ல் சூப்பர் பவுல் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் இறுதி ஆட்டத்தின்போது மாஸ்டர் லாக் ஒரு விளம்பரம் போட்டது. பூட்டைத் துப்பாக்கியால் சுடுகிறார்கள். குண்டு துளைத்துக்கொண்டு போகிறது. பூட்டு திறக்கவில்லை. அவ்வளவுதான் விளம்பரம்.

ஆனால் இங்கே நான் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். குண்டைத் தாங்கும் பூட்டும் கம்பியால் நெம்பும் கையைத் தாங்கும் பூட்டும் ஒன்றல்ல. அது ஏன் என்று புரிய, பூட்டுக்கு உள்ளே போக வேண்டும்.

[காட்சி: பின் பூட்டின் குறுக்குவெட்டு அனிமேஷன்.]

சாவி நுழையும் இடம் ஓர் உருளை. அது சுழன்றால் பூட்டு திறக்கும். சுழலவிடாமல் தடுப்பவை சின்னச் சின்னப் பித்தளை முளைகள். ஒவ்வொரு முளையும் இரண்டு துண்டு, மேலே ஸ்பிரிங். சாவி இல்லாதபோது மேல்துண்டு பாதி உருளைக்குள்ளும் பாதி வெளியிலுமாகக் குறுக்கே நிற்கும். சரியான சாவியை நுழைத்தால் அதன் மேடு பள்ளங்கள் ஒவ்வொரு முளையையும் அதற்கு வேண்டிய அளவுக்குத் தூக்கும். எல்லா முளைகளிலும் இரண்டு துண்டும் சேரும் இடம் உருளையின் விளிம்போடு ஒரே கோட்டில் வந்து நிற்கும். அந்த நொடியில் உருளைக்குத் தடையே இல்லை. திரும்பிவிடும்.

மர முளைகளால் ஆன இதன் மூதாதை பண்டைய எகிப்திலேயே இருந்தது. அதைச் சட்டைப்பையில் போடும் தட்டைச் சாவி அளவுக்குச் சுருக்கியவர் லைனஸ் யேல் ஜூனியர் என்ற அமெரிக்கர், 1860-களில். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வருவார்.

இப்போது பலவீனத்துக்கு வருவோம். எந்தத் தொழிற்சாலையிலும் எல்லாத் துளைகளும் அச்சு அசலாக ஒரே நேர்கோட்டில் அமையாது. மயிரிழை வித்தியாசம் இருக்கும். அதனால் உருளையை லேசாகத் திருகிப் பிடித்தால் எல்லா முளைகளும் ஒரே நேரத்தில் சிக்காது, ஒன்றுதான் முதலில் சிக்கும். அதை மெல்லத் தூக்கினால் உட்கார்ந்துவிடும். பிறகு அடுத்தது. பழகிய கை இப்படி ஒவ்வொன்றாகத் திறந்துவிடும். முளைகள் எத்தனை அதிகமோ, துல்லியம் எத்தனை கூடுதலோ, அத்தனை கஷ்டம். மாஸ்டர் லாக்கின் புகழ்பெற்ற 3-ஆம் எண் பூட்டில் முளைகள் நான்கே நான்கு. சைக்கிள் கொட்டகைக்கு அது போதும். கடைக்கு மட்டும் அதை நம்பாதீர்கள் என்பேன்.

பள்ளி லாக்கர்களில் தொங்கும் எண் பூட்டுக்கும் இதே கதிதான். முகப்பில் 40 எண்கள், வரிசையாக மூன்று எண் போட வேண்டும். கணக்குப்படி 64,000 சேர்க்கைகள். ஆனால் 2015-ல் சாமி கம்கர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், பூட்டின் வளைந்த கம்பியை இழுத்துக்கொண்டே எண் சக்கரத்தைச் சுழற்றி அது எங்கெங்கே தடுக்கிறது என்று பார்த்து, எட்டே முயற்சிக்குள் திறக்கும் வழியைச் செய்து காட்டினார். 64,000 எங்கே, 8 எங்கே! தாளில் போட்ட கணக்கு உலோகத்தில் அப்படியே நிற்பதில்லை.

சரி, குழாய்க்கு வருவோம்.

[காட்சி: இரண்டு திருகு வைத்த பழைய குழாய். பிறகு ஒற்றைக் கைப்பிடிக் குழாய்.]

1937. சியாட்டில் நகரம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த ஆல் மோயன் என்ற இளைஞர், படிப்புச் செலவுக்காக ஒரு கராஜில் வேலை பார்த்து வந்தார். ஒரு நாள் வேலை முடித்துக் கை கழுவக் குழாயைத் திறந்தார். அந்தக் காலக் குழாயில் வெந்நீருக்கு ஒரு திருகு, தண்ணீருக்கு ஒரு திருகு. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் கையில் பாய்ந்தது.

கையை உதறிவிட்டு நாமெல்லாம் போயிருப்போம். அவர் யோசித்தார். எவ்வளவு தண்ணீர் வேண்டும், எவ்வளவு சூடு வேண்டும் என்ற இரண்டையும் ஒரே கைப்பிடி தீர்மானித்தால் என்ன? முதல் வடிவம் சரிவரவில்லை. வேறு மாதிரி, வேறு மாதிரி என்று வரைந்துகொண்டே இருந்தார். நடுவில் உலகப் போர் வந்தது, குழாய் செய்யப் பித்தளை கிடைக்காத காலம். 1947-ல்தான் ஒற்றைக் கைப்பிடிக் குழாய் விற்பனைக்கு வந்தது. பத்து வருஷம்.

அவர் கடைசியில் வந்து நின்ற வடிவம்தான் இந்த உருளை. வெளியே ஒரு குழல், உள்ளே ஒரு தண்டு. குழலில் வெந்நீருக்கு ஒரு வாய், தண்ணீருக்கு ஒரு வாய். தண்டை இழுத்தால் வாய்கள் திறக்கும்; எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு தண்ணீர். தண்டை இடமோ வலமோ திருப்பினால் ஒரு வாய் பெரிதாகும், மற்றது சிறிதாகும். கலவை மாறும். கசிவைத் தடுப்பவை சுற்றிலும் இருக்கும் ரப்பர் வளையங்கள்.

பழைய திருகு குழாயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் ஒரு ரப்பர் வாஷரைத் திருகித் திருகிப் பித்தளை விளிம்பில் அமுக்குகிறோம். ஒவ்வொரு முறை மூடும்போதும் வாஷர் நசுங்குகிறது. சொட்டுகிறதே என்று இன்னும் கொஞ்சம் இறுக்குவோம், அது இன்னும் கொஞ்சம் நசுங்கும். வீட்டுக்கு வீடு நடக்கிற கதை இது. காட்ரிட்ஜில் நசுக்குகிற வேலையே கிடையாது. வழுக்கி நகர்வதுதான். கெட்டுப்போனால் மொத்த உருளையையும் உருவிவிட்டுப் புதிதைச் சொருகலாம், குழாயை மாற்ற வேண்டாம். அமெரிக்காவில் வீட்டு உரிமையாளருக்குக் கசிவுக்கு ஆயுள்கால உத்தரவாதம் தந்து, உருளையை இலவசமாகவே அனுப்ப மோயன் நிறுவனத்தால் முடிகிறது என்றால் இந்த வடிவம்தான் காரணம்.

நீங்களே மாற்றுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. உருளையைப் பிடித்து நிறுத்துவது ஒரு சின்ன கிளிப். கீழே வால்வை மூடாமல் அதை எடுத்துவிட்டால் உருளையும் தண்ணீரும் சேர்ந்து கூரைக்குப் பாயும். முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். அப்புறம் கிளிப்.

இனி இரண்டும் எப்படி ஒரே வீட்டுக்குள் வந்தன என்று பார்ப்போம். கதை இங்கே புகையிலைக்குத் திரும்புகிறது.

[காட்சி: பழைய சிகரெட் தொழிற்சாலைப் படம்.]

1890-ல் ஜேம்ஸ் புக்கானன் டியூக் என்பவர் சிகரெட் கம்பெனிகளை ஒன்றுசேர்த்து அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியை உருவாக்கினார். போட்டியாளர்களை எல்லாம் அது விழுங்கிக்கொண்டே போனது. 1911-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏகபோகம் என்று சொல்லி உடைத்தது. உடைந்த பிறகும் மிஞ்சிய பகுதி பெரிய சிகரெட் கம்பெனிதான். லக்கி ஸ்ட்ரைக் அதன் சரக்கு.

1964-ல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர், புகைபிடித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்று அறிக்கை வெளியிட்டார். சிகரெட்டை மட்டும் நம்பியிருந்தால் காலம் தள்ள முடியாது என்று கம்பெனிக்குப் புரிந்தது. கையில் இருந்த பணத்தைக் கொண்டு வேறு வேறு தொழில்களை வாங்க ஆரம்பித்தது. 1969-ல் பெயரிலிருந்த புகையிலையை எடுத்துவிட்டு அமெரிக்கன் பிராண்ட்ஸ் ஆனது. 1970-ல் மாஸ்டர் லாக்கை வாங்கியது. 1990-ல் மோயன். 1994-ல் அமெரிக்கன் டொபாக்கோவையே விற்றுவிட்டது. 1997-ல் ஃபார்ச்சூன் பிராண்ட்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டது. 2011-ல், வாங்கி வைத்திருந்தவற்றில் விஸ்கி ஒரு பக்கமும் வீட்டுச் சாமான்கள் ஒரு பக்கமுமாகப் பாகப் பிரிவினை. 2022 டிசம்பரில் சமையலறை அலமாரித் தொழிலும் தனியாகப் போனது. மிச்சம்தான் இன்றைய ஃபார்ச்சூன் பிராண்ட்ஸ் இன்னோவேஷன்ஸ்.

சோரெஃப் பூட்டு செய்தவர், மோயன் குழாய் செய்தவர். இந்தக் கம்பெனியின் திறமை வேறு: எது நிலைக்கும் என்று பார்த்து வாங்குவது, எதை எப்போது விடுவது என்று அறிவது. அதையும் ஒரு திறமை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் மரியாதை முதல் இருவருக்கும்தான்.

யேல் மறுபடி வருவார் என்றேன் இல்லையா? யேல் பூட்டுகளைப் பல ஆண்டுகளாக வைத்திருந்தது அசா அப்ளாய் என்ற ஸ்வீடன் நிறுவனம். அது அமெரிக்காவில் இன்னொரு பெரிய பூட்டுத் தொழிலை வாங்கப் போனபோது, போட்டி குறைந்துவிடும் என்று அமெரிக்க அரசின் நீதித்துறை 2022-ல் வழக்குப் போட்டது. சமாதானத்தின் ஒரு பகுதியாக, அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த யேல் வீட்டுப் பூட்டுத் தொழிலையும் ஆகஸ்ட் என்ற ஸ்மார்ட் பூட்டுத் தொழிலையும் அது விற்க வேண்டி வந்தது. 2023-ல் வாங்கியது ஃபார்ச்சூன் பிராண்ட்ஸ். ஏகபோகம் கூடாது என்று 1911-ல் உடைக்கப்பட்ட கம்பெனியின் வாரிசுக்கு, ஏகபோகம் கூடாது என்ற அதே காரணத்தால் 2023-ல் யேல் பூட்டு கிடைத்தது. நம் ஊர்க் கடையில் பார்க்கும் யேல் இன்னும் ஸ்வீடன்காரர்களுடையது.

ஆகஸ்ட் பூட்டைப் பற்றியும் இரண்டு வார்த்தை. கதவின் உள்பக்கத் திருகை ஒரு மோட்டார் திருப்புகிறது, கட்டளை போனில் இருந்து வருகிறது. வெளிப்பக்கம் பழைய சாவித்துளை அப்படியே இருக்கும். அதாவது போன் எவ்வளவு நவீனமாக இருந்தாலும், வெளியே நிற்பவருக்கு எதிரே இருப்பது அதே முளைகள்தான். ஸ்மார்ட் பூட்டு வாங்குகிறவர்கள் உள்ளே இருக்கும் சாதாரணப் பூட்டு எத்தனை முளைப் பூட்டு என்றும் கேளுங்கள்.

தண்ணீர்ப் பக்கத்திலும் இதே மாதிரி ஒன்று வந்திருக்கிறது. மோயனின் ஃப்ளோ. வீட்டுக்குள் வரும் முதன்மைக் குழாயில் பொருத்துவார்கள். ஓட்டம், அழுத்தம், வெப்பம் மூன்றையும் பார்த்துக்கொண்டே இருக்கும். யாரும் தண்ணீர் பயன்படுத்தாத நேரத்தில் தானே வால்வை மூடி, அழுத்தம் இறங்குகிறதா என்று சோதிக்கும். இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. குழாய் வெடித்தால் மொத்தத்தையும் நிறுத்திவிடும். மரச்சுவர் வீடுகளும் பனியில் உறைந்து வெடிக்கும் குழாய்களும் உள்ள ஊரில், திருடனைவிடத் தண்ணீர் பெரிய நஷ்டம் செய்யும். அங்கே குழாயும் ஒரு பூட்டுதான்.

[காட்சி: மறுபடி மேஜை. பூட்டைக் கையில் எடுத்தல்.]

2012 பிப்ரவரியில் அதிபர் ஒபாமா மில்வாக்கியில் இருந்த மாஸ்டர் லாக் தொழிற்சாலைக்குப் போனார். சீனாவுக்குப் போயிருந்த வேலைகளில் சுமார் நூறைத் திரும்பக் கொண்டுவந்ததற்காகப் பாராட்டினார். 2023 மே மாதம் அந்தத் தொழிற்சாலையை மூடப் போவதாக அறிவிப்பு வந்தது. 2024-ல் மூடினார்கள். 300-க்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போனது. தலைமுறை தலைமுறையாக அங்கே வேலை பார்த்த குடும்பங்கள் இருந்தன. ஊர் அதை மறக்கவில்லை.

பூட்டைத் தலைகீழாகத் திருப்புகிறேன். சாவித்துளையைச் சுற்றி எழுத்துகள் அச்சடித்திருக்கின்றன. கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் படிக்கலாம்: மாஸ்டர் லாக் கம்பெனி, மில்வாக்கி, விஸ்கான்சின்.