அலமாரிச் சாவியும் அம்மை போட்ட நாட்களும்

வணக்கம். பின்னால் கேட்கும் கூச்சல் நான் படித்த பள்ளியினுடையது. கோபிச்செட்டிபாளையத்திலிருந்து சத்தியமங்கலம் போகும் வழியில், வாய்க்காலைத் தாண்டியதும் இருக்கும் கன்னியர் மடத்துப் பள்ளி. இன்று இந்தக் கல்வியாண்டின் கடைசி வேலை நாள். உள்ளே படம் பிடிக்கக் கூடாது, பிள்ளைகளின் முகம் எதிலும் வரக் கூடாது என்று தலைமையாசிரியை சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நியாயம்தான். அதனால் மதிலுக்கு வெளியே புங்கமரத்தடியில், ஒரு கல்லின்மேல் கைபேசியைச் சாய்த்துவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மரம் உதிர்த்த பூ, பொரியைக் கொட்டியதுபோல் தரையெல்லாம் கிடக்கிறது. என் தலையிலும் விழுகிறது. வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் பொடுகு என்று நினைத்துவிடாதீர்கள்.

எதற்கு வந்தேன் என்றால், இன்று காலை பொறுப்பு ஒப்படைப்பு. மாணவத் தலைவி என்றாலே எல்லோருக்கும் ஜூன் மாதத்துப் பதவியேற்பு விழாதான் நினைவுக்கு வரும். குத்துவிளக்கு, உறுதிமொழி, தோளில் பட்டை, நெஞ்சில் பேட்ஜ், நான்கு அணிகளின் கொடி, அணிவகுப்பு. ஏப்ரலில் அந்தப் பட்டையைக் கழற்றும்போது பார்க்க யாரும் இருப்பதில்லை. எங்கள் பள்ளியில் அதற்கும் ஒரு கூட்டம் உண்டு. நூலக அறையில், ஆளுக்கு ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாற்றோடு முடிந்துவிடும். பழைய தலைவி ஒருத்தியை அதற்கு அழைப்பார்கள். இந்த ஆண்டு என் முறை.

பள்ளி பத்தாம் வகுப்பு வரைதான். பத்தாவதுக்குப் பொதுத்தேர்வு இருப்பதால் ஒன்பதாவதிலிருந்து தலைவியையும் எட்டாவதிலிருந்து துணைத் தலைவியையும் தேர்ந்தெடுப்பார்கள். வாக்குச்சீட்டு உண்டு. ஆசிரியைகளும் ஒரு கண் வைத்திருப்பார்கள், அதையும் மறைக்க வேண்டியதில்லை. எறிபந்துக்குப் புது வலை வாங்கித் தருவேன் என்று சொல்லித்தான் நான் ஜெயித்தேன். வலை வரவே இல்லை.

நாங்கள் இந்துக் குடும்பம். வகுப்பில் பாதிக்கு மேல் அப்படித்தான். கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகும் நேரத்தில் எங்களுக்கு நன்னெறி வகுப்பு. ஆனால் காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று தொடங்கிவைப்பது தலைவியின் வேலை. வீட்டில் நான் ஒப்பித்துப் பழகும்போது, நெற்றி நிறையத் திருநீறோடு அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, பக்கத்தில் உட்கார்ந்து, நான் விட்ட வரியை எடுத்துக்கொடுப்பார்.

அப்போது இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கத்தின் கூட்டம் வாரம் ஒருமுறை நடக்கும். யார் வேண்டுமானாலும் உட்காரலாம். பார்ப்பது, சீர்தூக்குவது, செயல்படுவது என்று அதற்கு மூன்று படி. ஜோசப் கார்டின் என்ற பெல்ஜியப் பாதிரியார் ஆலைகளில் வேலை செய்த இளைஞர்களுக்காக 1925-இல் தொடங்கிய இயக்கத்திலிருந்து வந்த வழி இது. 1961-இல் திருத்தந்தை 23-ஆம் யோவானே ஒரு சுற்றுமடலில் இதை எடுத்துச் சொன்னார். இவ்வளவும் எனக்கு மனப்பாடம். சும்மா சொல்லக் கூடாது, ஒருமுறை அதைப் பயன்படுத்தியும் இருக்கிறேன். தாமதமாக வருவோர் பதிவேட்டில் ஒரே ஆறு பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஆறு பேரும் ஒரே ஊர், ஒரே பஸ். பஸ் தாமதமானால் பிள்ளை என்ன செய்யும் என்று சிஸ்டரிடம் சொன்னேன். அந்த ஊருக்குப் பத்து நிமிடம் சலுகை கிடைத்தது. அதற்குப் பிறகு ஒரு மாதம் எனக்குக் கால் தரையில் படவில்லை.

அந்தப் பெருமைதான் வினையாகப் போனது.

எல்லாவற்றையும் நானே செய்தேன். அணிக் கொடிகள், ஸ்கிப்பிங் கயிறுகள், டென்னிகாய்ட் வளையங்கள், நூலகத்துக்குத் திரும்பாத புத்தகங்களின் பட்டியல், காணாமல் போனவை பெட்டி எல்லாம் ஒரு இரும்பு அலமாரியில் இருந்தன. காணாமல் போனவை பெட்டியைத் திறந்தால் டிபன் பாக்ஸ் மூடிகளாகவே இருக்கும். டப்பாவைத் தொலைக்காமல் மூடியை மட்டும் எப்படித் தொலைக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் புரியவில்லை. அலமாரிச் சாவி என் ஜியாமெட்ரி பெட்டியில். துணைத் தலைவி "நான் ஏதாவது செய்யட்டுமா அக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். "நீ வரிசையை மட்டும் பார்த்துக்கொள்" என்பேன்.

2019. ஏப்ரல் 18 நாடாளுமன்றத் தேர்தல் என்பதால் எல்லாம் அவசர அவசரமாக நடந்த ஆண்டு. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமும் பங்குனியும் சேர்ந்து வந்திருந்தன. வெள்ளிக்கிழமை பள்ளிக் கோவிலில் சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகள். அந்த மாதத்தில்தான் பண்ணாரி அம்மனுக்குத் தீமிதிக்கும் குண்டம் திருவிழாவும். விரதம் இருக்கும் வீட்டுப் பிள்ளைகளும் சிலுவைப்பாதையில் வரிசையாக முழந்தாளிடுவார்கள். யாரும் அதை விசித்திரமாக நினைத்ததில்லை.

தவக்காலத்துக்கு வகுப்புக்கு ஒரு உண்டியல் வைப்பார்கள். ஐஸ் வாங்கும் காசை, மிட்டாய் வாங்கும் காசை அதில் போட வேண்டும். மொத்தம் ஏழைகளுக்குப் போகும். ஆறு முதல் பத்து வரை, இரண்டு பிரிவு வீதம் பத்து உண்டியல். நான் பத்தையும் உடைத்து, காசைப் பத்து பிளாஸ்டிக் பைகளில் போட்டு, ஒவ்வொன்றையும் ஒரு நிறக் கம்பளி நூலால் கட்டினேன். எந்த நிறம் எந்த வகுப்பு என்று எங்கும் எழுதவில்லை. எனக்குத் தெரியுமே!

அடுத்த நாள் காய்ச்சல். அதற்கடுத்த நாள் கழுத்தில் இரண்டு கொப்புளம். அம்மிச்சி பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது, அம்மை போட்டிருக்கிறது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். தாளிப்பு நின்றது. இளநீரும் கம்மங்கூழும்தான். மாரியாத்தா வீட்டுக்கு வந்திருக்கிறாள், மூன்று தண்ணீர் ஊற்றும்வரை வாசற்படி தாண்டக் கூடாது என்றார் அம்மிச்சி. கொப்புளங்கள் பொருக்குத் தட்டும்வரை அடுத்தவருக்குத் தொற்றும் என்று மருத்துவரும் அதையேதான் வேறு சொற்களில் சொன்னார்.

பள்ளியில் அலமாரி பூட்டிக் கிடந்தது. சாவியை அம்மிச்சி மஞ்சள் தண்ணீரில் கழுவித் துடைத்துக் கொடுக்க, அப்பா சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகும் வழியில் பள்ளிக் காவலாளியிடம் சேர்த்தார். மாலையில் துணைத் தலைவி அம்மாவின் கைபேசிக்கு அழைத்தாள்.

"அக்கா, பத்துப் பை இருக்கிறது. எது யாருடையது?"

கண்ணைத் திறக்க முடியாத காய்ச்சலில் நான் நிறம் நிறமாகச் சொன்னேன். சிவப்பு ஏழாம் வகுப்பு ஆ பிரிவு. ஊதா எட்டு அ.

தவறாகச் சொல்லிவிட்டேன். இரண்டும் இடம் மாறிவிட்டன.

மறுநாள் வழிபாட்டில் தொகைகளை வாசித்தார்கள். எட்டு அ கடைசி. தவக்காலம் தொடங்கியதிலிருந்து ஐஸ் வண்டிப் பக்கமே போகாத வகுப்பு அது. பிள்ளைகள் அழுதார்களாம். காசை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் துணைத் தலைவியைப் பார்த்தார்களாம். அவள் வேறு எட்டு ஆ பிரிவு. பேச்சு எப்படிப் போயிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் நடுவில் நான் வேப்பிலைமேல் படுத்திருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது.

அவள் என்னைத் திரும்ப அழைக்கவில்லை. காய்ச்சல்காரியை இரண்டாம் முறை நம்பக் கூடாது என்று நினைத்திருப்பாள், சரியாகத்தான் நினைத்தாள். எட்டு அ பிரிவுக்கே போய், யார் என்ன போட்டீர்கள், எப்படிப்பட்ட காசு என்று கேட்டாள். அந்த வகுப்பில் ஒருத்தியின் அப்பா பஸ் நடத்துநர். பத்து ரூபாய் நாணயத்தை நம் பக்கத்துக் கடைகளில் வாங்க மறுத்த காலம் அது. செல்லும் என்று ரிசர்வ் வங்கி எத்தனை முறை சொன்னாலும் கடைக்காரர் தலையாட்டமாட்டார். அப்படிச் செலவாகாமல் வீட்டில் தங்கிய நாணயத்தையெல்லாம் அந்தப் பெண் உண்டியலில் போட்டிருந்தாள். துணைத் தலைவி பத்துப் பைகளையும் மேசையில் கொட்டினாள். சிவப்பு நூல் பையில் மட்டும் பத்து ரூபாய் நாணயங்கள் குவியலாக இருந்தன.

பார்ப்பது, சீர்தூக்குவது, செயல்படுவது. கார்டினின் பெயர்கூட அவளுக்குச் சரியாகத் தெரியாது.

மறுநாள் வழிபாட்டில் தொகையைத் திருத்தி வாசித்தாள். என் பெயரைச் சொல்லவில்லை. "நாங்கள் எழுதி வைக்கவில்லை, எங்கள் தவறு" என்றாளாம். அந்த "நாங்கள்" இன்றும் எனக்குக் குத்துகிறது. அன்று மாலையே நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, அலமாரியில் என்ன எங்கே இருக்கிறது என்று எழுதத் தொடங்கியிருக்கிறாள். மூன்றாம் தண்ணீர் ஊற்றி, தழும்பு முகத்தோடு நான் பள்ளிக்குப் போனபோது பள்ளியே விடுமுறைக்குத் தயாராகிவிட்டிருந்தது. சிஸ்டர் திட்டவில்லை. "கண்ணு, நீ இல்லாமலும் மணி அடித்தது" என்றார். அவர் தூத்துக்குடிப் பக்கம். "கண்ணு" மட்டும் எங்கள் ஊரில் கற்றுக்கொண்டது.

இன்று காலைக் கூட்டத்தில் சிஸ்டர் பிள்ளைகளுக்கு ஆயர் பிரசிலாக்கின் கதையைச் சொன்னார். 1842-இல் பிரான்சிலிருந்து கப்பலேறி வந்தவர். 1846-இல் நம் கருமத்தம்பட்டியில்தான் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். கோவைப் பகுதியின் முதல் ஆயர். இந்த மண்ணில் பிறந்தவர்களே குருக்களாக வேண்டும், பொறுப்பு அவர்கள் கைக்குப் போக வேண்டும் என்று கடைசிவரை வாதிட்டார். அவர் சொன்னது எல்லோருக்கும் பிடிக்கவில்லை. பதவியை விட்டு விலகிப் போய், ஆப்பிரிக்காவுக்காக ஒரு சபையைத் தொடங்கி, 1859-இல் ஃப்ரீடவுனில் கரையிறங்கிய ஆறு வாரத்திலேயே இறந்துபோனார். சிஸ்டர் சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாரா, என் பின்னால் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. நான் எலுமிச்சைச் சாற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். உங்களுக்குச் சொன்னதைத்தான் சொன்னேன். டிபன் பாக்ஸ் மூடிக்குச் சிரித்தார்கள். எட்டு அ கதைக்குச் சிரிக்கவில்லை.

கூட்டம் முடிந்து அந்த நோட்டைப் பார்க்கக் கொடுத்தார்கள். இப்போது மூன்று நோட்டுகளைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். முதல் பக்கத்தில் துணைத் தலைவியின் கையெழுத்து: "சிவப்பு = 8 அ. ஊதா = 7 ஆ. கேட்டுச் சரிபார்த்தது." கடைசிப் பக்கத்தில் இந்த ஆண்டுத் தலைவி பென்சிலால் எழுதியிருக்கிறாள்: "இரண்டாவது சாவி மணிக்குப் பக்கத்து ஆணியில். எறிபந்து வலை கிழிந்திருக்கிறது, புதியது கேட்டிருக்கிறோம், இன்னும் வரவில்லை."

சத்தி பஸ் வளைவில் தெரிகிறது. கைபேசியை எடுக்கிறேன்.