அப்பத்தாவுக்குக் கணக்குத் தெரியும்

(திருமங்கலம் பக்கம் எழுத்தறிவுத் திட்டத் தன்னார்வலர்களுக்கு நடந்த பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் என்னைப் பேசவிட்டிருக்கிறார்கள். அதனால் தத்துவம் வேண்டாம், நேரே வகுப்புக்குப் போய்விடலாம்.

உங்கள் கையில் இருக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022இல் தொடங்கி 2027 வரை நடப்பது. 15 வயதுக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாத எல்லோருக்கும் உரியது. மொத்தம் 200 மணி நேரப் பாடம். கடைசியில் 150 மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு. வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று ஆளுக்கு 50. இதையெல்லாம் காலையிலேயே சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல வந்தது வேறு. உங்களிடம் வந்து உட்காரப் போகிறவருக்குப் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும். எது தெரியும், எப்படித் தெரியும் என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வேலைக்கு வேண்டிய முதல் பயிற்சி.

கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பூக்கட்டி விற்கிற ஒரு அப்பத்தா. 365 ரூபாய்க்குப் பூ வாங்கியவர் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டுகிறார். அப்பத்தா என்ன செய்கிறார்? "முந்நூத்தி அறுபத்தஞ்சு, ஒரு முப்பத்தஞ்சு போட்டா நானூறு, இன்னொரு நூறு" என்று சொல்லிக்கொண்டே 135 ரூபாயை எடுத்துக் கையில் வைத்துவிடுவார். அவர் கழிக்கவே இல்லை, கூட்டிக்கொண்டே மேலே போனார். இதே அப்பத்தா சாயங்காலம் வகுப்புக்கு வருகிறார். நாம் கரும்பலகையில் 500, அதன் கீழே 365 என்று எழுதுகிறோம். பூஜ்யத்தில் ஐந்து போகாது, பக்கத்தில் கடன் வாங்கு என்கிறோம். பக்கத்திலும் பூஜ்யம். அது அதற்கு அடுத்த வீட்டில் கடன் வாங்கி இதற்குத் தர வேண்டும்! மகளிர் குழுவில் எத்தனையோ கடனைப் பார்த்தவர், இந்தக் கடன் மட்டும் புரியாமல் முழிக்கிறார். நாம் 'கணக்கு வரவில்லை' என்று குறித்துக்கொள்கிறோம்.

கூட்டலும் அப்படித்தான். 38உம் 47உம் எவ்வளவு என்று வாயால் கேளுங்கள். முப்பதும் நாற்பதும் எழுபது, எட்டும் ஏழும் பதினைந்து, ஆக எண்பத்தைந்து என்பார். மனக்கணக்கு பெரிய எண்ணில் தொடங்கி இடமிருந்து வலமாக வருகிறது. தாளில் நாம் சொல்லித் தருவது வலக்கோடியில் ஒன்றாம் இடத்தில் தொடங்குகிறது. அவர் நடக்கிற திசைக்கு நேர் எதிரே பிடித்து இழுக்கிறோம். முதலில் அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக் காட்டுங்கள்: 70, அதன் கீழே 15, அதன் கீழே 85. தன் வாயில் வந்த கணக்கு பலகையில் நிற்பதை அவர் பார்க்கட்டும். தாள் முறை அடுத்த வாரம் வந்தால் போதும்.

எழுத்துக்கு வருவோம். அனா ஆவன்னாவில் தொடங்கி 247 எழுத்தையும் வரிசையாக முடிக்கிற வழி பள்ளிப் பிள்ளைக்குச் சரி. அதற்கு நிறைய வருடம் இருக்கிறது. நாற்பத்தைந்து வயதில் களை எடுத்துவிட்டு வருகிறவருக்கு முதல் நாளே ஒரு முழுச்சொல் கைக்கு வர வேண்டும். 'பட்டா' நல்ல சொல். நிலம் இருக்கிறவருக்கும் தெரியும், இல்லாதவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அதில் ப இருக்கிறது, ட இருக்கிறது, புள்ளி இருக்கிறது, துணைக்கால் இருக்கிறது. கூட ம ஒன்றை மட்டும் சேர்த்துப் பாருங்கள். படம், பாடம், மடம், மாடம், பட்டம், மாமா. மூன்றே எழுத்தில் ஒரு பக்கம் வாசிக்கலாம்.

சிக்கல் கொம்பில் வரும். 'மேலூர்' என்று சொல்லும்போது காதில் முதலில் விழுவது ம். தாளில் முதலில் எழுத வேண்டியதோ இரட்டைக்கொம்பு. அதனால் நிறையப் பேர் ம-வை எழுதிவிட்டுக் கொம்பைப் பின்னால் போடுவார்கள். 'கோழி' இன்னும் மோசம், முன்னால் கொம்பு, பின்னால் கால். இந்தப் பிழையைப் பார்த்து மறதி என்று நினைக்காதீர்கள். காதை நம்பி எழுதுகிறார் என்று அர்த்தம், அது நல்ல அறிகுறி. மேலூர், சேடப்பட்டி, சோழவந்தான் என்று பஸ் போர்டில் பார்க்கிற பெயர்களை வைத்துக் கொம்பைப் பழக்குங்கள். கு, சு, து, மு எல்லாம் ஆளுக்கொரு உருவம். அவற்றை மெதுவாக, ஒவ்வொன்றாக.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று இருக்கிறது. கண். நாற்பது தாண்டினால் வெள்ளெழுத்து வரும், படித்தவருக்கும் படிக்காதவருக்கும். படித்தவர் கண்ணாடி வாங்கிக்கொள்கிறார். படிக்காதவர் கிட்டத்தில் வைத்து எதையும் பார்க்க வேண்டியதில்லை என்பதால் அவருக்கே தெரியாது. ட-வுக்கும் ட்-டுக்கும் இருக்கிற வித்தியாசம் தலைமேல் ஒரு புள்ளி. மங்கலான பல்பு வெளிச்சத்தில் அந்தப் புள்ளி தெரியாதவருக்கு எத்தனை மாதம் சொல்லிக் கொடுத்தாலும் 'பல்'லும் 'பல'வும் ஒன்றாகத்தான் இருக்கும். 1976இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய மதுரை நம்முடையது. கண் பரிசோதனை முகாம் நமக்குப் புதிதில்லை. முதல் வாரத்திலேயே ஒரு ஊசியில் நூல் கோக்கச் சொல்லிப் பாருங்கள். தடுமாறுகிறவரைப் பாடத்துக்கு முன்னால் கண்ணாடிக்கு அனுப்புங்கள்.

எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்பார்கள். 1990களில் அறிவொளி இயக்கம் ஊர் ஊராக நடந்தபோது எங்களிடம் ஒரு தயார்ப் பதில் இருந்தது: கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடலாம். அந்தப் பதில் இன்று செல்லாது. ரேஷன் கடையில் பட்டம் வாங்கினவரும் விரலைத்தான் அழுத்துகிறார்! பெயர் எழுதத் தெரிந்ததும் 'கற்றவர்' கணக்கில் சேர்த்துவிடுகிற பழக்கம் எனக்கு அன்றும் பிடிக்காது. தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988இல் தொடங்கியபோதே அளவுகோல் தெளிவாகத்தான் இருந்தது. வாய்விட்டு நிமிடத்துக்கு 30 சொல் வாசிக்க வேண்டும், சொல்லச் சொல்ல நிமிடத்துக்கு 5 சொல் எழுத வேண்டும். ஐந்து சொல் குறைவுதான், ஆனால் அது கையெழுத்தைவிட எவ்வளவோ தூரம். இன்றைக்குச் சொல்ல வேண்டிய பதில் போனில் இருக்கிறது. யார் கூப்பிட்டார்கள், ஊரக வேலைத் திட்டச் சம்பளம் ஏறிவிட்டதா, உரிமைத்தொகை வந்ததா. பேரனைக் கேட்காமல் தானே பார்க்கலாம்.

நேரத்தைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டாம், நீங்கள் இந்த மண்ணின் பிள்ளைகள். நடவு நேரத்தில் ஆள் வராது, சித்திரைத் திருவிழாவுக்கு ஊரே காலியாகும். அட்டவணையில் அந்த நாட்களை முதலிலேயே அடித்துவிடுங்கள். விடுப்புக்கு அப்புறம் வருகிற முதல் நாளில் புதுப் பாடம் நடத்தாதீர்கள்.

அப்புறம் உங்கள் பயிற்சி. இந்த முகாமோடு அது முடிந்துவிட்டால் பிரயோஜனமில்லை. மாதக் கூட்டம் என்று வைப்பார்கள். பெரும்பாலும் வருகைப் பதிவேட்டைச் சரிபார்த்து, டீ குடித்து, போட்டோ எடுத்து முடியும். போட்டோ இருக்கட்டும், அதை முதல் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். மீதி நேரத்துக்கு ஆளுக்கு ஒரு நோட்டு கொண்டுவாருங்கள். உங்கள் நோட்டு இல்லை, கற்பவரின் நோட்டு. பிழை அதிகம் உள்ள பக்கத்தை நடுவில் வைத்து, இவர் ஏன் இப்படி எழுதினார் என்று நாலு பேர் பேசுங்கள். 'கவனம் இல்லை' என்ற பதிலை மட்டும் யாரும் சொல்லக் கூடாது. கொம்புப் பிழையா, கண் பிழையா, பேச்சு வழக்கை அப்படியே எழுதியதா என்று பிரித்துப் பார்த்தால் அடுத்த மாத வகுப்பு தானாக மாறும்.

மாதத்துக்கு ஒருமுறை பக்கத்து ஊர் வகுப்பில் பின்னால் போய் உட்காருங்கள். ஒன்றை மட்டும் குறியுங்கள்: ஆசிரியர் பேசியது எத்தனை நிமிடம், வந்தவர்கள் பேசியது எத்தனை நிமிடம். பேச்சுத் திறமை அதிகம் உள்ள ஆளின் வகுப்பில்தான் இந்தக் கணக்கு பெரும்பாலும் உதைக்கும். (மேடையில் இருப்பவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.) இன்னொன்று, வீட்டில் அப்பத்தாவை 'நீ' என்று கூப்பிடலாம், அது பாசம். வகுப்பில் தப்பாகச் சொன்னவுடன் "இது கூடத் தெரியலையா அப்பத்தா" என்றால், மறுநாள் அவருக்குக் கால்வலி வந்துவிடும். காரணத்தை யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள்.

தேர்வு முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டால் ஆறே மாதத்தில் எழுத்து கையைவிட்டுப் போகும். அறிவொளியிலேயே இதைப் பார்த்தோம். மகளிர் குழுவில் பேசி, தீர்மான நோட்டை உங்களிடம் படித்தவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். முதல் மாதம் தேதியும் வந்தவர் பெயரும் மட்டும் அவர் எழுதட்டும். தீர்மானத்தை வழக்கமாக எழுதுகிறவரே எழுதட்டும். நாலாவது மாதம் சேமிப்புத் தொகையையும் சேர்த்துவிடலாம்.