ஒரு சோறு பதம் பார்த்து ஊரைத் தள்ளாதீர்கள்

(இராமநாதபுரத்தில் வாசகர் வட்ட ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, இந்த அரங்கின் மின்விசிறிகள் அத்தனையையும் நன்கொடையாக அளித்த வர்த்தகப் பெரியவர் அவர்களே, ஒரு திருமண வரவேற்புக்குப் போக வேண்டியிருந்தும் என் பேச்சு முடியும்வரை இருப்பதாக வாக்களித்திருக்கும் ஓய்வுபெற்ற வட்டாட்சியர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, பின்வரிசையில் சுண்டலுக்காகப் பொறுமை காக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். மின்விசிறி வள்ளலைத் தனியாக ஒருமுறை வணங்க வேண்டும். இராமநாதபுரத்து வெயிலில் பொன்னாடை போர்த்திக்கொண்டு பேசுகிறவனுக்குத்தான் அவருடைய அருமை தெரியும். சென்ற ஆண்டு இதே மேடையில் நான் பேசியபோது அவர் இன்னும் நன்கொடை தரவில்லை. அந்த உரை பதினோரு நிமிடத்தில் முடிந்ததற்கு அதுவே காரணம்.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, ‘ஏமாற்றிய ஊருக்கு இன்னொரு முறை’. மூன்று செய்திகளைச் சொல்லப் போகிறேன். முதலாவது தனுஷ்கோடி. இரண்டாவது நம் கடற்கரையின் காற்று. மூன்றாவது நம் கடற்கரையின் சாப்பாடு.

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்கிறார்கள். முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பில் நானே சொல்லிக்கொடுத்த பழமொழி. சோற்றுக்கு அது சரி. எல்லாப் பருக்கைக்கும் ஒரே தீ, ஒரே தண்ணீர். ஊருக்கு அப்படியா?

1996 மே மாதம். என் மச்சான் வேன் பிடித்தார். நாங்கள் பதினான்கு பேர். என் மாமியார், அவருடைய தூக்குச் சட்டியில் எலுமிச்சம் சாதம், மச்சான் அதற்கு முந்தின நாள் வாங்கிய புதுத் தோல் செருப்பு. இராமேசுவரத்தில் தரிசனம் முடித்து, தனுஷ்கோடியையும் பார்த்துவிடலாம் என்று உச்சி வெயிலில் கிளம்பினோம். அப்போது தார்ச்சாலை கிடையாது. ஈர மணலில், உப்புத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வண்டி போக வேண்டும். உள்ளூர் வண்டியில் போங்கள் என்று பத்துப் பேர் சொன்னார்கள். மச்சான் கேட்கவில்லை. “நான் ஓட்டாத மணலா?” என்றார். அவர் ஓட்டியதெல்லாம் வைகை ஆற்று மணல்.

அரைமணி நேரம். பின்சக்கரம் இரண்டும் பாதிக்குமேல் புதைந்துவிட்டன. ஆண்கள் இறங்கித் தள்ளினோம். பிறகு பெண்களும் இறங்கினார்கள். வண்டியின் எடை குறைந்ததால் கிளம்பும் என்று மச்சான் கணக்குப் போட்டார். இறங்கியவர்கள் கால் புதைந்ததுதான் மிச்சம். புதுச் செருப்பில் ஒன்றைச் சேறு வாங்கிக்கொண்டது. அவர் முழங்கை வரை விட்டுத் துழாவி வெற்றியோடு எடுத்தார். எடுத்தது யாரோ விட்டுப்போன ரப்பர் செருப்பு. அதையே போட்டுக்கொண்டு நடந்தார். வெயிலில் பிள்ளைகள் அழ, சாப்பிட்டாவது ஆறட்டும் என்று தூக்குச் சட்டியைத் திறந்தோம். தென்மேற்கிலிருந்து ஒரு காற்று அடித்தது பாருங்கள், கைப்பிடி மணல் சாதத்துக்குள். எல்லோர் வாயிலும் நறநறவென்று ஒரே சத்தம். மாமியார் கடலைப் பார்த்தார், மணலைப் பார்த்தார். “மாப்பிள்ளை, ராமர் ஏன் பாலம் கட்டினார் என்று இப்போதுதான் தெரிகிறது. இந்த மணலில் நடக்க முடியாமல்தான் கட்டியிருக்கிறார்” என்றார்.

ஒரு இடிந்த சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். ‘தனுஷ்கோடியா? மணலும் சுவரும்’ என்று இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நான் பிரசாரம் செய்தேன். எத்தனை பேரைப் போகவிடாமல் தடுத்தேனோ, கணக்கில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்! அந்த ஒரு சோற்றிலும் பாதி மணல்.

இந்தத் தை மாதம் என் பேத்தி பிடிவாதம் பிடித்தாள். புதிய பாம்பன் பாலத்தில் ரயில் ஏற வேண்டுமாம். 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த பாலம். கப்பல் வந்தால் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி நட்டுக்குத்தலாக மேலே ஏறும். நாங்கள் போன நேரத்தில் கப்பல் எதுவும் வரவில்லை. ரயில்வேயிடம் பேத்திக்கு அது ஒன்றுதான் குறை. இராமேசுவரத்தில் இறங்கி, காலை பஸ்ஸில் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்குப் போனோம். 2017 முதல் அந்த முனைவரை தார்ச்சாலை இருக்கிறது. என் மச்சானை நினைத்துக்கொண்டேன்.

நான் பார்த்த அதே சுவர் அங்கேயே நின்றது. தேவாலயத்தின் சுவர். பேத்தி அதன்மேல் விரல் வைத்து, “தாத்தா, கல்லுக்குள் பூ இருக்கிறது” என்றாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். பவளப்பாறையை வெட்டிக் கட்டிய சுவர் அது. ஒவ்வொரு கல்லிலும் நட்சத்திரம் நட்சத்திரமாகச் சிறு துளைகள். கடலில் உயிரோடு இருந்ததன் தடம். 1996இல் அதன்மேல்தான் முதுகைச் சாய்த்துக்கொண்டு வெயிலைத் திட்டியிருக்கிறேன்.

கொஞ்சம் தள்ளி ஒரு வயதான அம்மாள், அலைக்கு நூறடி தூரத்தில், மணலில் பள்ளம் பறித்துச் சிரட்டையால் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார். முழங்கால் ஆழம்கூட இல்லை. குடத்தின் வாயில் வெள்ளைத் துணி. ஒரு சிரட்டை மொண்டு, அடுத்த சிரட்டைக்கு ஊறும்வரை காத்திருந்து, மறுபடி மொண்டார். குடித்துப் பார்த்தேன். இளநீர் அளவுக்கு இனிப்பு என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நல்ல தண்ணீர். இருபுறமும் கடல், நடுவில் நல்ல தண்ணீர்! பேத்தி ஆர்வக்கோளாறில் பள்ளத்தை மேலும் பறிக்கப் போனாள். “ஆழமாகத் தோண்டாதே தாயி, உப்பு வந்துவிடும்” என்றார் அந்த அம்மாள். மழைநீர் கடல்நீரைவிட இலேசானது. மணலுக்குள் உப்புத் தண்ணீரின்மேல் ஏடு போலப் படிந்து நிற்கிறது. அவசரப்பட்டு இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். அறிவியல் ஆசிரியனாக இதைக் கரும்பலகையில் படம் போட்டிருக்கிறேன். சிரட்டையில் பார்த்தது அன்றுதான்.

இரண்டாவது செய்தி, காற்று. பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் வழிகாட்டிகள் சொல்வார்கள். பெண்கடல் சாது, ஆண்கடல் முரடு என்பார்கள். நான் தை மாதம் பார்த்தபோது ஆண்கடல் குளம் போலக் கிடந்தது, பெண்கடல்தான் இரைந்துகொண்டிருந்தது. மீனவர்களுக்கு இதில் வியப்பே இல்லை. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தெற்கிலுள்ள ஆண்கடல் முரடு, வாடை என்கிற வடகிழக்குக் காற்று அடிக்கும் மாதங்களில் வடக்கிலுள்ள பெண்கடல் முரடு. நாங்கள் மே மாதத்து நடுப்பகலில் போய்க் கச்சானிடம் மாட்டிக்கொண்டு, ஊரைக் குறை சொல்லியிருக்கிறோம். அதே இடத்தில், தை மாதக் காலையில், ஆழமில்லாத நீரில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. 2025இல் அந்தப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்திருக்கிறது. ஒரு சோறு பதமாம்! எந்த மாதத்துச் சோறு, எந்தக் காற்றில் வெந்த சோறு என்று கேட்க வேண்டாமா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வட்டாட்சியர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். நானும் கடிகாரத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

திரும்பி வர பஸ் எத்தனை மணிக்கு? நிறுத்தத்தில் ஒரு பலகை இல்லை. சங்கு விற்கிறவரைக் கேட்டேன், “இப்போது வந்துவிடும்” என்றார். பொரித்த மீன் கடையில், “இப்போதுதானே போனது” என்றார்கள். ஆட்டோக்காரர் பஸ்ஸே கிடையாது என்றார்; அவருக்கு வேறென்ன சொல்லத் தோன்றும்? ஒரு மணி இருபது நிமிடம் நின்றோம். எங்களோடு வெறும் மீன்கூடைகளுடன் மூன்று பெண்கள் நின்றார்கள். நான் ஒருநாள் நிற்கிறேன். அவர்கள் தினமும் நிற்கிறார்கள்.

நின்ற இடம் எது? போட் மெயில் வந்த ஊர். 1914இல் பழைய பாம்பன் பாலம் திறந்தபின், சென்னை எழும்பூரில் ஒரு டிக்கெட் எடுத்தால் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில், கொழும்பு. ரயில் நேரத்தையும் கப்பல் நேரத்தையும் பொருத்தி வைத்திருந்த ஊர். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் தண்டவாளத்தையும் நிலையத்தையும், பயணிகளோடு ஒரு ரயிலையும் கொண்டுபோயிற்று. புயல் கொண்டுபோனதை நான் திருப்பிக் கேட்கவில்லை. மூன்றடிக்கு இரண்டடி தகரம், அதில் வெள்ளைப் பெயின்டில் பஸ் நேரம், அவ்வளவுதான் கேட்கிறேன். தேவிபட்டினத்தில் நவபாஷாணம் பார்த்துவிட்டு வெயிலில் நிற்கிறவர்களுக்கும், காரங்காட்டில் சதுப்புநிலக் காட்டுப் படகு ஏற வருகிறவர்களுக்கும், சேதுக்கரை, ஏர்வாடி, ஓரியூர், தொண்டி என்று போகிறவர்களுக்கும் அந்தத் தகரம் வேண்டும். நேரம் தெரிந்தால் அவசரப்படாமல் உட்கார்ந்து பார்ப்பார்கள். பார்த்தவர்கள் மறுபடி வருவார்கள். யார் வைக்க வேண்டிய பலகை என்று இந்த மேடையில் பெயர் சொல்ல மாட்டேன். மூன்று அலுவலகங்களுக்கு மனு எழுதினேன். ஒவ்வொன்றும் மற்ற இரண்டையும் கைகாட்டியிருக்கிறது. எழுதிய தேதிகள் என்னிடம் இருக்கின்றன.

மூன்றாவது செய்தி, சாப்பாடு. கீழக்கரையின் தொதல் என்கிற இனிப்பையும் முண்டு மிளகாய்க் குழம்பையும் பற்றி அரைமணி நேரம் பேசக் குறிப்பு எடுத்து வந்தேன். அவைத் தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். சுண்டலும் ஆறுகிறது.

பலகைக்கான மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. இதுவரை 212 கையெழுத்து. வீட்டு முகவரி வேண்டாம், பெயரும் ஊரும் போதும். போன கூட்டத்தில் இரண்டு பேனா காணாமற்போனதால் இந்த முறை நூலில் கட்டியிருக்கிறேன், இழுக்காமல் எழுதுங்கள். நன்றி, வணக்கம்.