ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு சொல்

நேயர்களுக்கு வணக்கம். ஒரே சொல்லுக்குப் பல பொருள் இருப்பது நமக்குப் புதிதில்லை. அதற்கென்றே நிகண்டுகளில் தனித் தொகுதி உண்டு. இன்று ஆங்கிலத்திலிருந்து அப்படி ஒரு வினைச்சொல்லை எடுத்துக்கொள்கிறேன்: 'ரன்'.

ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் அதிகப் பொருள் கொண்ட வினை 'செட்'. சுமார் 430 பொருள்கள். பின்னால் அகராதியைத் திருத்தியபோது 'ரன்' அதை முந்தியது. வினையாக மட்டும் 645 பொருள்கள். அதைப் பிரித்து அடுக்க, பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியருக்கு ஒன்பது மாதம் பிடித்தது.

ஓடுவதற்கான சொல்லில் இவ்வளவு எப்படிச் சேர்ந்தது? தமிழில் ஓடு வேறு, ஓட்டு வேறு. குதிரை ஓடும், ஆள் அதை ஓட்டுவார். பழைய ஆங்கிலத்திலும் தானாக ஓடுவதற்கு ஒரு வினை, ஓடவைப்பதற்கு இன்னொரு வினை என்று இருந்தன. நாளடைவில் இரண்டும் ஒரே உருவத்தில் கலந்துவிட்டன. அதனால்தான் நாயும் 'ரன்' ஆகிறது, நிறுவனத்தையும் ஒருவர் 'ரன்' பண்ணுகிறார். அப்புறம் ரயில், மோட்டார், கணினி நிரல் என்று வந்ததெல்லாம் இதிலேயே ஏறிக்கொண்டன.

சரி, இதற்கு ஒத்த சொல் எது? இங்கேதான் படிக்கிற பிள்ளைகள் வழுக்குகிறார்கள். ஒத்த சொற்களின் அகராதியைத் திறந்தால் 'ஃப்ளோ', 'ஆபரேட்', 'மேனேஜ்' என்று வரிசையாக இருக்கும். ஆறு 'ஃப்ளோ' ஆகலாம், தப்பில்லை. சளி பிடித்த மூக்கு 'ஃப்ளோ' ஆகிறது என்று சொல்லிப் பாருங்கள், கேட்பவர் சிரித்துவிடுவார். மூக்குக்கு 'ரன்'தான். ஒரு துறையை ஒருவர் 'ரன்' பண்ணுகிறார் என்றால் அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். 'மேனேஜ்' என்றால் அவருக்கு மேலே இன்னொருவர் இருக்கக்கூடும். அதே 'மேனேஜ்' தனியாக நின்றால், எப்படியோ சமாளித்தார் என்று ஆகிவிடும்.

'ரன் அவுட்' என்றதும் நமக்குக் கிரிக்கெட்தான் ஞாபகம் வரும். வீட்டில் குடிக்கிற பால் 'ரன் அவுட்' ஆனால் தீர்ந்துபோயிற்று என்று அர்த்தம். பழைய நண்பரை எதிர்பாராமல் பார்ப்பதும் 'ரன் இன்டு', கார் மரத்தில் மோதுவதும் 'ரன் இன்டு'. 'ரன் எ பாத்' என்றால் குளியல் தொட்டியில் தண்ணீர் திறந்துவிடுவது, குளியலறையில் ஓட்டப்பந்தயம் இல்லை! ஆகவே தனிச் சொல்லுக்கு மாற்றுத் தேடாதீர்கள், பக்கத்துச் சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள். அகராதியில் பொருளைவிட எடுத்துக்காட்டு வாக்கியத்தை முதலில் படிப்பதுதான் என் கட்சி.

நாட்டுக்கு நாடும் இது மாறும். தேர்தலில் அமெரிக்க வேட்பாளர் 'ரன்' பண்ணுவார், பிரிட்டன் வேட்பாளர் 'ஸ்டாண்ட்' பண்ணுவார். ஒருவர் ஓடுகிறார், ஒருவர் நிற்கிறார், கேட்பது என்னவோ ஓட்டுதான். தமிழில் நாமும் தேர்தலில் நிற்கிறவர்கள்தானே. நன்றி, வணக்கம்.