பூட்டில்லாத பாட்டு

வணக்கம் நேயர்களே. இணையத்தில் காசு கொடுத்து வாங்கிய பாட்டை எந்தக் கருவியிலும் கேட்கலாம் என்ற நிலை வர, அமெரிக்காவில் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று.

இத்தனைக்கும் தொடக்கம் நன்றாகவே இருந்தது. 1998இல் கலிபோர்னியாவில் தோன்றிய குட்நாய்ஸ் என்ற சிறு நிறுவனம் நகல் தடுப்பு ஏதுமில்லாத எம்பி3 கோப்புகளை விற்றது. பாட்டு ஒன்றுக்கு 99 சென்ட். பின்னாளில் ஈமியூசிக் என்று பெயர் மாற்றிக்கொண்டது இதுதான். சிறிய இசை நிறுவனங்கள் துணிந்து பாடல்களைத் தந்தன. பெரிய நிறுவனங்கள் அசைந்து கொடுக்கவில்லை. மறு ஆண்டே நாப்ஸ்டர் என்ற கோப்புப் பகிர்வுச் சேவை வந்து பாடல்கள் இலவசமாகக் கைமாறத் தொடங்கியதும் அவர்களின் அச்சம் இரட்டிப்பானது.

அதனால் 2003இல் ஆப்பிளின் ஐட்யூன்ஸ் கடை பூட்டோடுதான், அதாவது நகல் தடுப்போடுதான் திறந்தது. வாங்கிய பாட்டு அனுமதி பெற்ற சில கணினிகளில் மட்டுமே ஒலிக்கும். கையோடு எடுத்துச்செல்ல ஐபாட் வேண்டும். மைக்ரோசாஃப்ட் செய்தது இதைவிடக் கொடுமை. அதன் எம்எஸ்என் கடையில் வாங்கிய பாடல்கள், 2006இல் அதே நிறுவனம் கொண்டுவந்த சூன் என்ற பாட்டுக் கருவியில் ஒலிக்கவில்லை! 2008இல், பூட்டைத் திறக்கும் சாவியை வழங்கும் சர்வரையே நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். சர்வர் நின்றால், புதுக் கணினி வாங்குகிறவருக்குப் பழைய பாட்டு கிடையாது. எதிர்ப்பு வலுத்த பிறகே 2011 வரை அவகாசம் கொடுத்தார்கள். நேர்மையாகக் காசு கொடுத்தவருக்குத்தான் இத்தனை அல்லலும். திருட்டுப் பிரதி வைத்திருந்தவரைப் பூட்டு தொடவே இல்லை.

2007 பிப்ரவரியில் ஆப்பிளின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு திறந்த மடல் எழுதினார். இசை நிறுவனங்கள் அதே பாடல்களைக் குறுந்தகட்டில் பூட்டில்லாமல் விற்கும்போது, இணையத்தில் மட்டும் பூட்டு எதற்கு என்பது அவர் வாதம். ஏப்ரலில் பெரிய இசை நிறுவனங்களில் ஒன்றான இஎம்ஐ இணங்கியது. மே மாத இறுதியில் பூட்டில்லாப் பாட்டு 1.29 டாலருக்கு, கூடுதல் ஒலித்தரத்தோடு விற்பனைக்கு வந்தது. செப்டம்பரில் அமேசான் முழுக்கப் பூட்டில்லா எம்பி3 கடையாகவே இறங்கியது. சில மாதங்களில் நான்கு பெரிய இசை நிறுவனங்களும் அங்கே வந்துவிட்டன. கேட்பவர்மேல் வந்த கரிசனத்தைவிட, ஆப்பிளின் பிடியைத் தளர்த்தும் ஆவலே அவர்களை நகர்த்தியது என்பது என் எண்ணம்.

2009 ஜனவரியில் ஐட்யூன்ஸும் பாடல்களின் பூட்டை முழுதாகக் கைவிடுவதாக அறிவித்தது. ஆனால் முன்பே வாங்கிவிட்டவர்கள் பூட்டில்லாப் பிரதி பெறப் பாட்டுக்கு 30 சென்ட் மேலும் கட்ட வேண்டியிருந்தது. ஒலித்தரம் கூடியது என்று காரணம் சொல்லலாம். எனக்கு அது இன்றும் நியாயமாகப் படவில்லை.